வெற்றிலை வைத்துச் சேர்த்த அமெரிக்க இலக்கியம்

பாலக்காட்டு எல்லையோர எருத்தேன்பதியில் "அமெரிக்கா டீச்சர் வீடு எது?" என்று கேட்டால், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் காட்டுவார்கள். தென்னந்தோப்பின் முகப்பில், அண்ணன் வீட்டை ஒட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்த தனி வீடு. அந்த வீட்டுக்காரி டாக்டர் வனிதாமணி அமெரிக்காவுக்கு எப்போது போய் வந்தாள் என்று மட்டும் கேட்கக் கூடாது. போனதே இல்லை. கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கிறாள். எல்லாம் அடுத்தவர்களை வழியனுப்பத்தான்.

அவள் அமெரிக்கக் கவிதையும் கதையும் படித்தவள், அதையே கல்லூரியில் நடத்துகிறவள். இதை ஊருக்கு விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் இருபது வருஷம் ஆகிறது. அவள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு ஊரில் நான்கு கதைகள் ஓடுகின்றன. நான்கிலும் ஓர் அமெரிக்காக்காரன் வருகிறான். உண்மையில் அவள் முனைவர் பட்டத்துக்கு எட்டு வருஷம் எடுத்துக்கொண்டாள், அதற்குள் வந்த வரன்களெல்லாம் வேறு வாசலுக்குப் போய்விட்டன, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காரணத்தில் சுவை இல்லை என்பதால் ஊர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த எட்டு வருஷமும் அவள் ஆராய்ந்தது, அமெரிக்கக் கவிதைகளில் பனி. மாசி பிறந்ததும் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மேசை விசிறியின் முன்னால் நனைத்த துண்டைக் காயப்போட்டுக்கொண்டு, பனி விழுகிற சத்தத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதினாள். பட்டம் வாங்குகிற நாள்வரை அவள் கண்ணால் கண்ட பனி, சைக்கிள் மீன்காரர் மத்திமேல் கொட்டி வைத்திருக்கும் ஐஸ் கட்டிதான்.

வேலை கிடைத்ததும் முதலில் மூணாறு பக்கம் போட்டார்கள். ஒரு ஜனவரி விடியற்காலையில் மாட்டுப்பட்டிப் புல்வெளியில் வெள்ளை வெளேரென்று உறைபனி படர்ந்திருந்தது. வனிதாமணி குனிந்து, விரல் மரத்துப்போகும்வரை அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பால் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் கேட்டாராம்: "என்ன டீச்சர் தேடுதீக? தோடு கீடு விழுந்துட்டா?" தன் ஆராய்ச்சிக்கு அவள் நேரில் கண்ட ஒரே ஆதாரம் அதுதான்.

அப்புறம் பாலக்காட்டுப் பக்கமே மாற்றல் வாங்கி வந்து, ஆராய்ச்சியைப் புத்தகமாகவும் போட்டாள். பஞ்சாயத்து நூலகத்தில் அதைப் பயண நூல்கள் வரிசையில் அடுக்கினார்கள். அன்றிலிருந்து தொல்லை பெருகியது. டெக்சாஸில் புளி கிடைக்குமா? மருமகளுக்குச் சீமந்தம் வருகிறது, கண்ணாடி வளையல் விமானத்தில் உடையுமா? பேரனுக்கு அங்கே மொட்டை போட்டால் சளி பிடிக்குமா? "எனக்குத் தெரியாதுங்க" என்பாள். "அத்தனை படிச்சவிய, இதச் சொல்ல மாட்டீங்கறீங்களே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது போன மாதம் கல்லூரியில் நடந்தது.

புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகள்தாம் ராஜா. எந்தத் துறைப் பிள்ளையும் விருப்பப் பாடத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பதினைந்து பேருக்குக் குறைந்தால் அந்தப் பாடம் கிடையாது. வனிதாமணிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். 'அமெரிக்கக் கவிதையும் புனைகதையும்' என்கிற தாள்தான் அவளுடைய ஆயுள் சம்பாத்தியம். துறைத்தலைவி பெர்சி, கணினித் திரையைப் பார்த்தபடி, தேயிலைத் தோட்டத்துப் பிறந்தகப் பேச்சிலேயே விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீக. நாலு பிள்ளைகதான் எடுத்திருக்கு."

"நாலா?"

"அதுலயும் ஒண்ணு தப்பா அமுக்கிட்டேன்னு மாத்தக் கேக்குது."

"உன்னோட சினிமா பேப்பருக்கு?"

பெர்சி திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அது கெடக்குதுக்கா. சினிமான்னா வரத்தான செய்யும்."

"எத்தனைன்னு சொல்லு."

"அறுவது. ஹால்ல பெஞ்சு பத்தாது."

வெள்ளிக்கிழமை மாலை பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் முடிந்து கணினி பூட்டிக்கொள்ளும். அதற்குள் ஆள் சேராவிட்டால், வணிகவியல் பிள்ளைகளுக்கு 'அலுவலகக் கடிதம் எழுதும் முறை' நடத்த வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா" என்பதற்குப் பிறகு எங்கே காற்புள்ளி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தபடி வெளியேறுவதற்கா எட்டு வருஷம் பனியில் கிடந்தாள்? ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, அடக்கிவைத்ததெல்லாம் கொள்ளு ரசத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

அண்ணன் சின்னையன் முன்னாள் பஞ்சாயத்து மெம்பர். போன தேர்தலில் தோற்றதிலிருந்து, ஏரிலிருந்து அவிழ்த்துவிட்ட காளை மாதிரி வீட்டுக்கும் தோப்புக்கும் நடந்துகொண்டிருந்தார். தங்கை அழுதது அவர் காதில் விழவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் விழுந்தது.

"மொத்தம் எத்தனை ஓட்டு வேணும் அம்மிணி?"

"ஓட்டில்லீங்ணா, பசங்க. பதினஞ்சு பேர்."

"ச்சை, பதினஞ்சா? இதுக்கா சோத்துல கைய வெச்சுட்டு அழுவறே? நம்ம புள்ளைக இந்தக் காலேஜுல எத்தனை படிக்குது!"

"அண்ணா, நீங்க ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். இது படிப்பு சமாச்சாரம்."

"நா என்ன செய்யப்போறேன்? எனக்கென்ன தெரியும்?" என்று சின்னையன் ரசத்தை உறிஞ்சினார். அப்புறம் ஒன்றுமே பேசவில்லை. சின்னையன் பேசாமல் இருந்தால் ஏதோ கிளம்பப் போகிறது என்பது ஊருக்கே தெரியும். கவிதையின் மௌனத்தைப் பற்றியெல்லாம் எழுதிய வனிதாமணிக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

புதன்கிழமை பெர்சி வராந்தாவில் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "அக்கா! நாப்பத்தி மூணு! என்ன மந்திரம் போட்டீக?"

வனிதாமணி தூணைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளை எத்தனை திட்டியிருக்கிறோம், கைப்பேசியைத் தவிர ஒன்றும் தெரியாது என்றோமே என்று மனம் உருகினாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது பழைய குறிப்புகளைப் புதுப்பிப்பது பற்றி மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் ஒரே நாள்.

வியாழக்கிழமை மதியம் ஆசிரியர் அறை வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். பெருமாட்டியிலிருந்து வருகிறாளாம், பெயர் கமலாத்தாள், மகள் கோகிலவாணி இங்கே இரண்டாம் வருஷம். கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய்.

"ஏனுங் டீச்சர், பாஸ்போட்டு போட்டோவுக்குப் பின்னால வெள்ளையா இருக்கோணுமா, நீலமா இருக்கோணுமா?"

"எந்த போட்டோங்க?"

"அதானுங், உங்க பேப்பருக்கு. எம்புள்ளைக்குக் குளுரு ஆகாதுங். வெடிஞ்சா தும்மல்தான். கொஞ்சம் வெய்யலடிக்கற பக்கமாப் பாத்து அனுப்பிச்சு உடுங்க."

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் விடைத்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். சிரிப்பில் இரண்டு மேசைகள் ஆடின.

"எங்கீங்க அனுப்பறது?" என்றாள் வனிதாமணி, பதில் தெரிந்துவிட்ட குரலில்.

"அமெரிக்காவுக்குத்தானுங்! மெம்பர் ஊட்டுல வெத்தலபாக்கு வெச்சுக் கூப்பிட்டுப் போட்டுப் போனாங்களே. உங்க அண்ணனும் நங்கையாளும் சோடியாத்தான் வந்தாங்க. நங்கையா பட்டுச்சேலை கட்டிட்டு வந்துருந்தாங்க."

வெற்றிலை பாக்கு என்று கேட்டதும் வனிதாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது சாதாரணமாகப் படலாம். கல்யாணம், காதுகுத்து, புதுவீடு புகுதல் என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துபோய், வாசலில் நின்று, தட்டத்தை நீட்டி, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். வாங்கிவிட்டு வராதவர் வீட்டு விசேஷத்துக்கு அடுத்த தடவை அழைத்தவர்கள் போய் வாசல் மிதிக்க மாட்டார்கள். பத்து வருஷம் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் உண்டு. ஒரு கல்லூரித் தாளுக்கு இப்படி வீடு வீடாக வெற்றிலை வைத்த ஆள், உலகத்திலேயே சின்னையன் ஒருவராகத்தான் இருப்பார்.

வனிதாமணி மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அமெரிக்காவுக்கு அனுப்பறேன்னு சொன்னீங்களாண்ணா?"

"நான் ஏன் சொல்றேன்?" என்றார் சின்னையன், டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே. "அமெரிக்காப் படிப்பு, நம்ம அம்மிணி நடத்துது, புள்ளையச் சேத்துங்கன்னு சொன்னேன். இதுல என்ன பொய்யி?"

"அவங்க பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறாங்க!"

"அது அவிய இஷ்டம். போட்டோ எடுக்காதீங்கன்னு நானெப்படிச் சொல்றது?"

கமலாத்தாள் நங்கையாள் என்று சொன்ன அண்ணி முத்தாத்தாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரே ஒரு ஊட்டுல மட்டும், அங்க போனா வேல கெடைக்குமான்னு கேட்டாங்க கண்ணு. உங்கண்ணன் சிரிச்சாரு. அவ்வளவுதான்."

"சிரிச்சாரா?"

"தேர்தலுக்குச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு."

வனிதாமணி டிவியை அணைத்தாள். "நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டு நிஜத்தச் சொல்லப்போறேன்."

சின்னையன் முதல்முறையாகக் கவலைப்பட்டார். "அட, அவசரப்படாதே. நாளைக்குச் சாயந்தரம் கம்ப்யூட்டரு பூட்டிக்கும்னியே. பூட்டட்டும். திங்கக்கெழமை க்ளாசுல மொள்ளச் சொல்லிக்கோ. அப்பறம் எவனும் மாத்த முடியாதல்ல?"

பாவி மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இரண்டு வருஷத்துக்குத் தாள் அவள் கையில். அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை, சிரிக்கக்கூட இல்லை. தன் வீட்டுக்குப் போய், காபி போட்டு, அதைக் குடிக்காமல் ஆறவிட்டு, இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தாள். ஆனால் கமலாத்தாளின் 'வெடிஞ்சா தும்மல்' மண்டைக்குள்ளேயே நின்றது. அதைவிடக் கர்வமும் ஒரு காரணம் என்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவள், கடைசியில் விசா புரோக்கர் என்று பேர் வாங்கிக்கொண்டா போவது?

வெள்ளிக்கிழமை காலை முதல் மணியிலேயே நாற்பத்து மூன்று பேரையும் கூடத்துக்கு வரச் சொன்னாள். பெர்சி துணைக்கு வந்து கதவருகே நின்றுகொண்டாள்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள் வனிதாமணி. "இது அமெரிக்காக்காரங்க எழுதின கவிதையும் கதையும். படிக்கறது, பேசறது, பரீட்சை எழுதறது. அவ்வளவுதான். இந்தப் பேப்பர வெச்சு உங்களைப் பக்கத்துல இருக்கற வாளையார் செக்போஸ்ட்டக்கூடத் தாண்டி அனுப்ப என்னால முடியாது. நானே அமெரிக்காவப் பாத்ததில்ல. விசா, வேலை, போட்டோ ஒண்ணும் கெடையாது. ஏமாந்து சேந்தவங்க இப்பவே ஆபீசுல போயி மாத்திக்கலாம். சாயந்தரம்வரைக்கும் டைம் இருக்கு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நாற்பது பேர் எழுந்து போவதைத் தெளிவாகப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு பார்த்தால், ஒருத்தரும் அசையவில்லை.

"புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுதுங் டீச்சர்," என்றது முன்வரிசை.

"அப்பறம் ஏன் உக்காந்திருக்கீங்க?"

தரணீஷ் என்கிற பையன் எழுந்தான். எருத்தேன்பதியில் பெரிய தோட்டக்காரர் மகன். "வெத்தல வாங்கிட்டாங்க டீச்சர் எங்கய்யன். இனி மாத்துனா உங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கறதும்பாரு. அடுத்த மாசம் அக்காவுக்குக் கல்யாணம் வேற. உங்கூட்டுல இருந்து வராமப் போயிட்டா?"

"டேய், இது கல்யாணமில்லடா. பேப்பர்டா!"

"அதத்தான் நானுஞ் சொன்னேன். வெத்தலைக்கு அதெல்லாந் தெரியாதுன்னு சொல்லிப்போட்டாரு."

பின்னாலிருந்து கோகிலவாணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்தாள். "டீச்சர், நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு அம்மா நேத்தே சொன்னாங்க."

"எப்படி?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு. வெளிய தெரிஞ்சா கூட்டம் சேந்துருமல்லங். கடைசிவரைக்கும் இருக்கறவங்களுக்குத்தான் சொல்லுவாங்களாமா."

கூடம் முழுக்கத் தலையாட்டியது. வனிதாமணி மறுபடியும் சொன்னாள். கொஞ்சம் கத்தியும் சொன்னாள். அவள் குரல் ஏற ஏறப் பிள்ளைகளின் முகத்தில் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. இத்தனை ஆவேசமாக ஒருத்தர் மறுத்தால் விஷயம் ரொம்பப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். கதவருகே பெர்சி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று மாலை கணினி பூட்டிக்கொண்டது. மாறிப்போனவள் ஒரே ஒருத்தி, முதலிலேயே தப்பாக அமுக்கியவள்.

திங்கட்கிழமை வனிதாமணி கூடத்து வகுப்புக்குள் நுழையும்போது சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இருந்தாள். தாள் கிடைத்தாயிற்று. கேட்க ஆள் இருக்கிறதா? பனிக் கவிதையை எடுத்தால் எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்று கேட்பார்கள் என்ற பயத்தில், ஒரு சிறுகதையை எடுத்தாள்.

கதை சின்னதுதான். மழை பொய்த்துப்போன ஒரு சமவெளியில் இரண்டு பண்ணைகள். ஒருவன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பக்கத்துக்காரன் கிணறு வறண்டுவிட்டது. பக்கத்துக்காரன் பெண்டாட்டி வாளியோடு வந்து மொண்டுகொண்டு போகிறாள். கிணற்றுக்காரன் சில நாள் பார்த்துவிட்டு, மூடி போட்டுப் பூட்டிவிடுகிறான். ஒருநாள் பக்கத்துக் களஞ்சியத்தில் தீ. கிணற்றுச் சாவியை எங்கே வைத்தேன் என்று பூட்டினவன் தேடுகிறான், நிதானமாகத் தேடுகிறான். கதை அங்கே முடிந்துவிடும்.

இருபத்தாறு வருஷமாக அந்த முடிவில் வகுப்பு அமைதியாகிவிடும். அவள் அந்த அமைதியில் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பாள். பிறகு மனிதனின் தனிமையைப் பற்றிப் பேசுவாள். மணி அடிக்கும். இன்றும் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"பூட்டுனது தப்பில்லீங் டீச்சர்," என்றான் தரணீஷ்.

"என்னது?"

"அவன் கெணறு, அவன் பூட்டறான். எங்க போர்ல வந்து எவனாச்சும் மோட்டரு போட்டா எங்கய்யன் சும்மா உட்ருவாரா?"

"தீ புடிச்சிருக்குடா அங்க!"

"சாவியத் தேடறானல்லங். தேடமாட்டேன்னா சொன்னான்?"

பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. கோகிலவாணி எழுந்து நின்றுவிட்டாள். தும்மல் போன இடம் தெரியவில்லை. "உங்கய்யனும் இப்படித்தான் தேடறாரு. வாய்க்கா ஷட்டர் சாவி எங்கன்னு போன மாசம் எங்கப்பா வந்து கேட்டாங்க. காணம், தேடறேன்னாரு. கடைமடைல எங்க நெல்லு காஞ்சு போச்சு. அப்பறம் பாத்தா சாவி உங்கய்யன் இடுப்பு அண்ணாக்கயித்துல தொங்குது."

"ஏய், எங்கய்யனப் பத்திப் பேசாத. தண்ணி முறை எங்களுது."

"முறை சனிக்கெழமையோட முடிஞ்சுது!"

"கதைல எங்க இருக்குது சனிக்கெழமை?" என்று யாரோ கேட்க, "பத்தாம் பக்கம் பாரு, மழ பேஞ்சு எத்தனை நாளுன்னு போட்டிருக்குது" என்று வேறு யாரோ சொல்ல, நாற்பது பேரும் படபடவென்று பக்கம் புரட்டினார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மேல்மடைக்காரர்கள் ஒரு பக்கம், கடைமடைக்காரர்கள் ஒரு பக்கம். கிணற்றுக்காரன் பெண்டாட்டி எந்த ஊர்க்காரி, அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று மூன்றாவதாக ஒரு கோஷ்டி கிளம்பியது. அந்தப் பெண்டாட்டி கதையில் ஒரே ஒரு வரியில்தான் வருகிறாள். அவளைப் பற்றி எந்த ஆராய்ச்சியாளரும் ஒரு கட்டுரை எழுதியதில்லை, வனிதாமணி உட்பட.

"உக்காருங்க! ஒவ்வொருத்தராப் பேசுங்க! தரணீஷ், புஸ்தகத்தப் பாத்துப் பேசு, உங்க ஊட்டு வாய்க்காலப் பத்திப் பேசாத! கோகிலவாணி, அவன் மேல சாக்பீஸ எறியாத!" மேசையைத் தட்டித் தட்டி அவள் கை சிவந்தது. தனிமையைப் பற்றிய குறிப்புகள் மின்விசிறிக் காற்றில் பறந்து எவன் காலடியிலோ கிடந்தன. பெரும்பான்மை கிணற்றுக்காரன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, அதுதான் அவளால் தாங்கவே முடியவில்லை. மேல்மடைத் தோட்டக்காரன் பெற்ற பிள்ளைகள், ஒன்றுகூட அந்த வாளிக்காரிக்காக இரங்க மாட்டேன் என்கிறது! புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே கடைமடைக் கோஷ்டியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

கதவு தட்டுகிற சத்தம் மூன்றாம் தடவைதான் கேட்டது. புரொஜெக்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெர்சி நின்றாள். அவளுக்குப் பின்னால் சினிமா பார்க்க வந்த அறுபது பிள்ளைகள்.

"அக்கா, மணி அடிச்சு எம்புட்டு நேரமாச்சு. எங்களுக்கு ஹாலு வேணும்லா?"

"கொஞ்சம் இரு பெர்சி," என்றாள் வனிதாமணி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "பக்கத்து ஊட்டுல தீய வெச்சுட்டு இதுக நியாயம் பேசுதுக. ஏண்டா தரணீஷ், சாவி எங்க இருக்குதுன்னு அவனுக்குத் தெரியாதுன்னு எந்த வரில இருக்குது? எனக்கு அந்த வரியக் காட்டு. காட்டாம நீ இன்னிக்கு ஊட்டுக்குப் போவ முடியாது."